தோஹாவின் எட்டுக் கால்பந்து அரங்கங்கள்: டெல்டாவிலிருந்து செல்வோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கீழத்தஞ்சையில் வளைகுடாவுக்குப் போய்வந்தவர் ஒருவரும் இல்லாத தெருவைக் காண்பது அரிது. கடல் கடந்து பிழைக்கச் சென்றவரை எங்கள் பக்கத்துக் கரையோர ஊர்களில் சபுராளி என்பார்கள். என் தம்பி பன்னிரண்டு ஆண்டுகளாகத் தோஹாவில் குளிர்சாதன இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் சபுராளி. அவன் இருந்ததால்தான் 2022 உலகக் கோப்பையின்போது ஒருமுறையும், 2024 ஜனவரியில் ஆசியக் கோப்பைக்காக என் மகளுடன் மறுமுறையும் கத்தாருக்குச் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அந்த இரண்டு பயணங்களில் தெரிந்துகொண்டவற்றையும், தவறு செய்து கற்றுக்கொண்டவற்றையும், இனிச் செல்லவிருப்போருக்காக இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

உலகக் கோப்பை முடிந்துவிட்டதால் இனி அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கிறார்கள். 2024 ஜனவரி, பிப்ரவரியில் ஆசியக் கோப்பையும், 2025 நவம்பரில் 17 வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கோப்பையும், அதைத் தொடர்ந்து டிசம்பரில் அரபுக் கோப்பையும் அங்கேதான் நடந்தன. 17 வயதுக்குட்பட்டோர் போட்டியை 2029 வரை ஆண்டுதோறும் நடத்தும் பொறுப்பு கத்தாருக்கு வழங்கப்பட்டிருக்கிறது; 2030 ஆசிய விளையாட்டுப் போட்டிகளும் தோஹாவில் நடைபெற உள்ளன. தம்பியோ, மாமனோ, மச்சானோ அங்கே இருக்கும் வீட்டார் அவரைப் பார்த்துவரும் பயணத்தையும் ஓர் ஆட்டத்தைப் பார்க்கும் பயணத்தையும் ஒன்றாக்கிக்கொள்ள இன்னும் பல ஆண்டுகள் இருக்கின்றன.

முதற்படி: மாதத்தைக் கணக்கிடுங்கள்

கத்தாரின் கோடையில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி நிற்கும் என்பதால், பெரிய போட்டிகளெல்லாம் நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையில்தான் வருகின்றன. நவம்பர், டிசம்பர் என்றால் நமக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம். சம்பா நட்டு, களையெடுத்து, மேலுரம் இடும் சமயம். ஜனவரி என்றால் பொங்கலும் அதையொட்டிய அறுவடையும். நிலம் வைத்திருப்பவர்கள் தேதியை முடிவுசெய்யும் முன் இதை வீட்டில் பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது, ஏனெனில் ஆட்டத் தேதி நமக்காக நகராது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்ததை இந்தப் பகுதியில் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அதே நாட்களில் பயணம் செய்கிறவர், விமானம் புறப்படுவதற்கு ஒரு முழு நாள் முன்னதாகவே சென்னையிலோ திருச்சியிலோ இருக்கும்படி திட்டமிட வேண்டும்.

இரண்டாம் படி: சீட்டும் விசாவும்

நுழைவுச் சீட்டுகள் போட்டியை நடத்தும் அமைப்பின் அதிகாரபூர்வ இணையதளத்தில் மட்டுமே விற்கப்படுகின்றன. அவை கைப்பேசிச் செயலிக்குள் வந்து சேரும். விலை நாம் அஞ்சுகிற அளவுக்கு இல்லை. ஆசியக் கோப்பையில் மிகக் குறைந்த சீட்டின் விலை 25 ரியால், அதாவது நம் பணத்தில் சுமார் 600 ரூபாய். உலகக் கோப்பையின்போது கத்தாரில் வசிப்போருக்கென்று ஒதுக்கப்பட்ட நான்காம் பிரிவுச் சீட்டு, முதற்சுற்று ஆட்டங்களுக்கு 40 ரியாலுக்குக் கிடைத்தது. ஆகவே, அங்கே குடியிருப்பு அட்டையுடன் இருக்கும் உறவினரிடம் இத்தகைய ஒதுக்கீடு உண்டா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

நான் செய்த தவறு இந்த இடத்தில்தான். 2022இல் எங்கள் பக்கத்துப் பயண முகவர் ஒருவரிடம் பணம் கொடுத்து, ஓர் ஆட்டத்துக்கான சீட்டின் ஸ்கிரீன்ஷாட்டை வாங்கிக்கொண்டு போனேன். அரங்க வாயிலில் அதைப் பார்த்த ஊழியர், செயலியைத் திறந்து காட்டுங்கள் என்று மட்டும் சொன்னார். செயலியில் ஒன்றுமில்லை. தம்பியும் நானும் வெளியிலிருந்தே அந்த ஆட்டத்தின் ஆரவாரத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பினோம். சீட்டு உங்கள் பெயரில், உங்கள் கைப்பேசியில், உங்கள் செயலிக்குள் இருக்க வேண்டும். வேறொருவர் வாங்கித் தந்தால் அதே செயலி வழியாக உங்களுக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள்.

சீட்டு வாங்கும்போது உங்களை அங்கே வரவேற்கப்போகும் உறவினருக்கும் ஒன்று வாங்குங்கள். இதை நான் ஓர் உபசார வார்த்தையாகச் சொல்லவில்லை. என் தம்பி லுசைல் நகரத்தின் கட்டடங்களில் ஆண்டுக்கணக்கில் வேலை செய்தவன். அந்நகரின் கால்பந்து அரங்கம் தரையிலிருந்து எழும்பியதைத் தினமும் பேருந்து சன்னல் வழியாகப் பார்த்தவன். ஆனால் அதற்குள் ஒருமுறையும் அமர்ந்ததில்லை. ஊருக்கு அனுப்ப வேண்டிய பணத்தில் தனக்கென்று ஒரு சீட்டு வாங்க அவனுக்கு மனம் வராது. அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். பல நிறுவனங்களில் வெள்ளிக்கிழமை மட்டுமே ஓய்வு. எனவே அவருக்கும் சேர்த்து வாங்குவதென்றால் வெள்ளிக்கிழமை ஆட்டமாகப் பாருங்கள்.

விசாவைப் பொறுத்தவரை, கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதங்களுக்குச் செல்லுபடியாக வேண்டும். திரும்பும் விமானச் சீட்டு, தங்குமிடத்துக்கான முன்பதிவு, பார்வையாளர்களுக்குக் கட்டாயமான மருத்துவக் காப்பீடு ஆகியவை கையில் இருக்க வேண்டும். ஹய்யா என்ற கத்தார் அரசின் தளத்தில்தான் வருகைக்கான அனுமதிகள் கையாளப்படுகின்றன. விதிகள் போட்டிக்குப் போட்டி மாறக்கூடியவை என்பதால், விமானச் சீட்டுக்குப் பணம் கட்டும் முன்னர் அந்தத் தளத்தை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

மூன்றாம் படி: ஊரிலிருந்து தோஹா வரை

சென்னையிலிருந்து தோஹாவுக்கு நேரடி விமானங்கள் உண்டு; பயணம் ஐந்து மணி நேரத்துக்குள் முடியும். திருச்சியிலிருந்து செல்வோர் கொழும்பு வழியாகவோ, துபாய், சார்ஜா வழியாகவோ மாறிச் செல்லலாம். 2024இல் பயன்பாட்டுக்கு வந்த புதிய முனையம் திருச்சிப் பயணத்தை முன்பைவிட வசதியாக்கியிருக்கிறது. ஆனாலும் நேரடி விமானத்தையே நான் பரிந்துரைப்பேன், ஏனெனில் இடையில் ஒரு விமானம் தாமதமானால் ஆட்டம் கைவிட்டுப் போகும். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை வழியாக வரும் உழவன் விரைவு வண்டியிலோ, மன்னார்குடியிலிருந்து வரும் மன்னை விரைவு வண்டியிலோ ஏறுகிறவர்கள் எழும்பூர் வரை போக வேண்டியதில்லை. தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயிலில் ஏறினால் நான்காவது நிறுத்தம் திரிசூலம். விமான நிலையம் சாலைக்கு எதிரே இருக்கிறது.

பெட்டியில் என்ன வைக்கிறோம் என்பதில் மிகுந்த கவனம் தேவை. டெல்டாவிலிருந்து போகிறவரிடம் தெருவே ஒரு பொட்டலத்தைக் கொடுத்தனுப்பும். ஊறுகாய், வடகம், மிளகாய்த் தூள், அல்வா என்று அது நீளும். கசகசாவும், கசகசா சேர்த்து அரைத்த குருமாப் பொடியும் அதில் இருக்கக் கூடாது, ஏனெனில் வளைகுடா நாடுகளில் கசகசா போதைப்பொருள் வகையில் வைத்துப் பார்க்கப்படுகிறது. டிரமடால், கோடீன் போன்றவை அடங்கிய வலி, இருமல் மருந்துகளுக்கும் கட்டுப்பாடு உண்டு. வழக்கமாக மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரின் சீட்டுடன், மருந்தை அதன் அட்டையிலேயே வைத்து எடுத்துச் செல்லுங்கள். உங்கள் கண்முன்னே பிரித்துக் காட்டாத எந்தப் பொட்டலத்தையும், கொடுப்பவர் பக்கத்து வீட்டுக்காரராகவே இருந்தாலும், வாங்காதீர்கள். முகத்துக்கு நேரே மறுப்பது சங்கடம்தான். ஆனால் அங்கே சுங்கச் சோதனையில் பதில் சொல்ல வேண்டியவர் பெட்டியைத் தூக்கி வந்தவரே.

நான்காம் படி: தங்குமிடம்

தம்பியின் அறையில் படுத்துக்கொள்ளலாம் என்று எண்ணிப் போக வேண்டாம். நிறுவனங்கள் தரும் தொழிலாளர் குடியிருப்புகளில் வெளியாரை இரவில் தங்க விடுவதில்லை. அறை எடுக்கும்போது அரங்கத்துக்கு அருகில் தேடுவதைவிட மெட்ரோ நிலையத்துக்கு அருகில் தேடுவதே சரி. தோஹா மெட்ரோ 2019இல் ஓடத் தொடங்கியது. ஓட்டுநர் இல்லாத வண்டிகள். சிவப்பு, பச்சை, தங்கம் என மூன்று தடங்கள். மூன்றும் சந்திக்கும் இடம் முஷைரிப். சாதாரணப் பயணத்துக்கு 2 ரியால், ஒரு நாளில் எத்தனை முறை சென்றாலும் 6 ரியாலுக்கு மேல் பிடிப்பதில்லை. குடும்பத்துடனும் குழந்தைகளுடனும் செல்வோருக்கெனத் தனிப் பகுதியும் உண்டு. உம் குவைலினா, தோஹா ஜதீதா, அல் மன்சூரா ஆகிய நிலையங்களைச் சுற்றியுள்ள பழைய தோஹாப் பகுதிகளில் நம்மவர்கள் நிறையப் பேர் வசிக்கிறார்கள். இட்லியும் மீன் குழம்பும் கிடைக்கும் உணவகங்கள் அங்கே உண்டு. அறை வாடகையும் வெஸ்ட் பே என்ற பகுதியின் உயர்ந்த கட்டடங்களில் உள்ளதைவிடக் குறைவு. வெள்ளிக்கிழமை காலையில் மெட்ரோ தாமதமாகத்தான் தொடங்கும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: அரங்கங்களை அறிந்துகொள்ளுதல்

எட்டு அரங்கங்களில் ஒன்றுக்கொன்று மிகத் தொலைவில் உள்ள இரண்டுக்கு இடையிலான தூரம் சுமார் 75 கிலோமீட்டர். தஞ்சாவூரிலிருந்து மயிலாடுதுறைக்குப் போகும் தூரத்துக்குள் ஓர் உலகக் கோப்பை முழுவதும் நடந்து முடிந்தது என்றால் வியப்பாக இருக்கும். அதனால்தான் ஒரே நாளில் இரண்டு ஆட்டங்களைப் பார்ப்பது அங்கே இயன்றது. எந்தத் தடத்தில் எந்த அரங்கம் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

சிவப்புத் தடத்தின் வடகோடியில் உள்ள நிலையம் லுசைல். 2022 டிசம்பர் 18 அன்று அர்ஜென்டினாவும் பிரான்சும் 3-3 என்று சமன் செய்து, பெனால்ட்டியில் அர்ஜென்டினா 4-2 என வென்ற இறுதியாட்டம் நடந்த இடம் அதுதான். அன்றைய பார்வையாளர் எண்ணிக்கை 88,966. 2024 பிப்ரவரி 10 அன்று கத்தார் ஜோர்டானை 3-1 என வென்ற ஆசியக் கோப்பை இறுதியாட்டமும் அங்கேயே நடந்தது. கத்தாரின் மூன்று கோல்களும் அக்ரம் அஃபீஃப் அடித்த பெனால்ட்டிகள். ஃபோஸ்டர் அண்ட் பார்ட்னர்ஸ் நிறுவனம் வடிவமைத்த இந்த அரங்கம், ஃபனார் எனப்படும் அரபு விளக்கின் ஒளியையும் நிழலையும், கைவினைக் கிண்ணங்களின் வடிவத்தையும் பின்பற்றியது. பகலில் பொன்னிறக் கிண்ணமாகத் தெரிவது இரவில் துளைகள் வழியே வெளிச்சம் கசியும் விளக்காக மாறுகிறது. ஆட்டம் இரவில் என்றாலும் மாலை ஐந்து மணிக்கே சென்று, இந்த மாற்றத்தை வெளியே நின்று பாருங்கள். முஷைரிப்பிலிருந்து ஏறக்குறைய அரை மணி நேரப் பயணம். நிலையத்திலிருந்து நடந்தே போகலாம்.

அல் பைத் அரங்கம் தோஹாவுக்கு வெளியே, வடக்கே அல் கோர் நகரில் இருக்கிறது. மெட்ரோ அங்கே போகாது. ஆட்ட நாட்களில் லுசைல் நிலையத்திலிருந்து பேருந்துகள் விடப்படுகின்றன. பாலைவன மக்கள் ஆட்டு ரோமத்தால் நெய்த பைத் அல் ஷாஅர் என்ற கூடாரத்தின் வடிவம் இது. கூரையை மூடித் திறக்க முடியும். உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் கத்தாரை ஈக்வடார் 2-0 என வென்றது இங்கேதான். 2024 ஜனவரி 23 அன்று இந்தியா சிரியாவிடம் 0-1 எனத் தோற்றதை நானும் என் மகளும் இங்கே இருந்து பார்த்தோம். தொலைவிலிருந்து பார்த்தபோது, கும்பகோணத்தில் ஏதோ பெரிய வீட்டுக் கல்யாணத்துக்குப் போட்ட பந்தல் பாலைவனத்தின் நடுவே எழும்பி நிற்பதுபோல் இருப்பதாக அவள் சொன்னாள். உள்ளே போனால் கூரையின் உட்புறத்தில் சிவப்பு நெசவுக் கோலங்கள் விரிந்திருக்கும். அண்ணாந்து பார்க்க மறந்துவிடாதீர்கள். இந்த அரங்கத்துக்கு மட்டும் போகவும் வரவும் கூடுதலாக இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

பச்சைத் தடத்தின் மேற்குக் கோடி அல் ரிஃபா. அங்கே அஹ்மத் பின் அலி அரங்கம். பக்கத்திலேயே பெரிய வணிக வளாகம் இருப்பதால் உணவுக்கும் கழிப்பறைக்கும் கவலையில்லை. நம் நாட்டுக் கால்பந்தை நேசிக்கிறவர்களுக்கு இந்த அரங்கம் தனியானது. 2024 ஜனவரி 13 அன்று, பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு, இந்தியா ஆஸ்திரேலியாவை இங்கே சந்தித்தது. பிற்பகல் இரண்டரை மணி ஆட்டம். அரங்கத்தின் பெரும்பகுதி நீல நிறமாக இருந்தது. கேரளத்திலிருந்து வந்த தொழிலாளர்களின் மேளமும், பின்வரிசையில் யாரோ தமிழில் கத்திய உற்சாகமும் ஒன்றாகக் கலந்தன. சுனில் சேத்ரி தலையால் முட்டிய பந்து கம்பத்துக்கு வெளியே சென்ற அந்தக் கணத்தில், என் தம்பி இரு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருக்கையில் சரிந்தான். இடைவேளை வரை 0-0. பிறகு இரண்டு கோல் வாங்கித் தோற்றோம். ஆயினும் வெளியே வந்த கூட்டத்தில் எவருடைய குரலும் தாழவில்லை.

அதே பச்சைத் தடத்தில் அடுத்த நிலையம் எஜுகேஷன் சிட்டி. வைரம்போல் முக்கோணப் பட்டைகள் கொண்ட அந்த அரங்கத்தில்தான் 2022 டிசம்பர் 6 அன்று மொரோக்கோ ஸ்பெயினைப் பெனால்ட்டியில் வென்றது. அதற்கும் அடுத்த நிலையம் கத்தார் தேசிய நூலகம். ரெம் கூல்ஹாஸ் வடிவமைத்த கட்டடம், பார்வையாளர்களுக்குக் கட்டணம் இல்லை. படிக்கிற பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் ஆட்டத்துக்கு முன் இரண்டு மணி நேரத்தை அங்கே செலவிடலாம்.

தங்கத் தடத்தில் ஸ்போர்ட் சிட்டி நிலையத்தில் இறங்கினால் கலீஃபா சர்வதேச அரங்கம். எட்டில் மிகப் பழையது இதுவே. 1976இல் கட்டப்பட்டு, புதுப்பிக்கப்பட்டு, 2017இல் மீண்டும் திறக்கப்பட்டது. அருகில் 300 மீட்டர் உயரக் கோபுரமும் ஒலிம்பிக், விளையாட்டு அருங்காட்சியகமும் உள்ளன. 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்குச் செல்வோர் இந்தப் பகுதியை நன்கு பழகிக்கொள்ள வேண்டும், ஏனெனில் 2025இல் இங்குள்ள ஆஸ்பயர் வளாகத்தின் பக்கத்துப் பக்கத்து ஆடுகளங்களிலேயே ஆட்டங்கள் நடந்தன. ஒரே நாளில் பல நாட்டுப் பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்க்க முடிந்தது. கால்பந்து பழகும் மகனோ மகளோ உள்ள பெற்றோருக்கு, மூத்தோரின் போட்டியைவிட இதுவே பயனுள்ளது என்பது என் கருத்து. தங்கள் வயதுப் பிள்ளைகள் எப்படி இடம்பிடித்து நிற்கிறார்கள், பந்து இல்லாதபோது எங்கே ஓடுகிறார்கள் என்பதை இவ்வளவு அருகில் வேறெங்கும் பார்க்க முடியாது.

தெற்கே இரண்டு அரங்கங்கள். ஆண்கள் அணியும் கஹ்ஃபியா என்ற நெய்த தொப்பியின் வடிவில் இப்ராஹீம் ஜைதா அமைத்த அல் துமாமா. அதற்கு ஃப்ரீ ஸோன் நிலையத்திலிருந்து பேருந்து. பாய்மரக் கலத்தின் வடிவத்தில் ஸஹா ஹதித் வடிவமைத்த அல் ஜனூப்; அதற்கு அல் வக்ரா நிலையத்திலிருந்து பேருந்து. அல் வக்ரா பழைய முத்துக்குளிப்பு, மீன்பிடி ஊர். நாகப்பட்டினத்துக் கரையில் வளர்ந்தவர்களுக்கு அந்த அரங்கத்தின் கூரையைப் பார்த்ததும் கவிழ்த்துவைத்த மரக்கலம் நினைவுக்கு வரும். எட்டாவதான 974 அரங்கத்தைக் கடைசி நாளுக்கென்று வைத்திருக்கிறேன்.

இந்த அரங்கங்களைப் பற்றி எழுதும்போது, இவற்றையும் இவற்றைச் சுற்றிய சாலைகளையும் கட்டியவர்களைப் பற்றி எழுதாமல் கடப்பது முறையாகாது. போட்டி ஏற்பாட்டுக் குழுவின் தலைமைச் செயலர் ஹசன் அல் தவாடி, போட்டி தொடர்பான பணிகளில் 400 முதல் 500 வரையிலான வெளிநாட்டுத் தொழிலாளர்கள் இறந்திருக்கலாம் என்று 2022 நவம்பரில் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னார். முதலாளியின் அனுமதி இல்லாமலே வேலை மாறிக்கொள்ளும் உரிமை 2020இல் வந்தது. 1,000 ரியால் என்ற குறைந்தபட்ச ஊதியம் 2021 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. உலகின் கண் தங்கள்மீது இருந்ததால்தான் இவ்வளவாவது நடந்தது என்று தம்பியின் அறைத்தோழர்கள் சொல்கிறார்கள். நான் பேசியவர்களில் பலரும் அந்த அரங்கங்களைச் சொந்தப் பெருமையோடு காட்டினார்கள். ஊர் திரும்பாத தோழர்களின் பெயர்களையும் அதே பேச்சில் சொன்னார்கள்.

ஆறாம் படி: இருக்கையும் உள்ளிருக்கும் நேரமும்

பெரும்பாலான ஆடுகளங்கள் வடக்கு தெற்காக நீண்டிருக்கும். பிற்பகல் ஆட்டம் என்றால் மேற்குப் புற இருக்கை வாங்குங்கள். கிழக்கில் அமர்ந்தால் மேற்கே சாயும் வெயில் முகத்தில் அடிக்கும். கோல் கம்பத்துக்குப் பின்னால் உள்ள சீட்டு மலிவு, ஆரவாரமும் அங்கேதான் மிகுதி. ஆனால் ஆட்டத்தின் போக்கைப் புரிந்துகொள்ள விரும்புவோருக்கு, நடுக்கோட்டுக்கு நேரே மேல் அடுக்கே சிறந்தது. கரை மேல் நின்றால்தான் வாய்க்காலில் தண்ணீர் எந்தப் பக்கம் பாய்கிறது என்று தெரியும்; அதுபோலத்தான் இதுவும். தொலைக்காட்சி பந்தை மட்டும் காட்டும். மேலிருந்து பார்க்கும்போது, பந்து இடப்பக்கம் இருக்கையில் வலப்பக்கத்துத் தடுப்பாட்டக்காரர் எத்தனை அடி உள்ளே நகர்ந்து வருகிறார் என்பதுகூடத் தெரியும். அதைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் போகிறோம்.

படிக்கட்டு ஏறி, இருண்ட வழியைக் கடந்து, முதன்முதலாக ஆடுகளம் கண்ணில் படும் இடத்தில் சற்று நில்லுங்கள். விளக்கு வெளிச்சத்தில் அந்தப் புல்லின் பச்சை, நாற்றுப் பறிக்கும் பருவத்து நாற்றங்காலின் பச்சை. ஆறே இல்லாத நாடு அது. கடல்நீரைக் குடிநீராக்கித்தான் அந்தப் புல்லை வளர்க்கிறார்கள். ஓர் ஆடுகளத்துக்குக் குளிர்காலத்தில் நாளொன்றுக்கு 10,000 லிட்டரும் கோடையில் 50,000 லிட்டரும் தேவைப்படுவதாக உலகக் கோப்பையின்போது செய்திகள் வந்தன. ஜூன் 12இல் மேட்டூர் திறக்குமா என்று பார்த்துப் பார்த்து வாழும் நமக்கு, அந்தக் கணக்கு மனத்தை விட்டு எளிதில் போகாது.

எட்டில் ஏழு அரங்கங்கள் குளிரூட்டப்பட்டவை. இருக்கைகளுக்கு அடியிலுள்ள துளைகள் வழியாகவும், ஆடுகளத்தின் ஓரத்திலுள்ள பெரிய குழாய்கள் வழியாகவும் குளிர்ந்த காற்றை விடுகிறார்கள். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் ஆட்கள் இருக்கும் உயரத்திலேயே தங்கிவிடுகிறது. அதை மீண்டும் உறிஞ்சி, வடிகட்டி, குளிரவைத்து அனுப்புகிறார்கள். கத்தார் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சவூத் அப்துல் கனி இந்த ஏற்பாட்டை உருவாக்கியவர். தம்பி தன் தொழில் சார்ந்த ஆர்வத்தில் குனிந்து, காலடியில் இருந்த துளையில் கையை வைத்துப் பார்த்து, காற்றின் வேகத்தைப் பற்றி என் மகளுக்கு விளக்கிக்கொண்டிருந்ததில் கொடி வணக்கத்தையே தவறவிட்டான். டிசம்பர், ஜனவரி இரவுகள் வெளியிலும் குளிரும். முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு சால்வையோ ஸ்வெட்டரோ கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள்.

வெளி உணவும் தண்ணீர் பாட்டிலும் உள்ளே விடப்படுவதில்லை. பெரிய பைகளும் கொடிக் கம்பங்களும் வாயிலிலேயே தடுக்கப்படும். எனவே நன்றாகச் சாப்பிட்டுவிட்டுச் செல்லுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை பொது இடங்களில் எதிர்பார்க்கப்படுகிறது. நம் ஊர் உடைகளில் இதற்குச் சிக்கல் இல்லை. சக்கர நாற்காலியில் வருவோருக்கான இடங்களைச் சீட்டு வாங்கும்போதே தேர்ந்தெடுக்க வேண்டும். அதிக ஓசையைத் தாங்க இயலாத சிறப்புக் குழந்தைகளுக்கென்று, ஆட்டத்தைக் கண்ணாடி வழியே பார்க்கும் அமைதியான அறைகள் உலகக் கோப்பையின்போது சில அரங்கங்களில் அமைக்கப்பட்டன. அத்தகைய பிள்ளை உள்ள பெற்றோர் முன்கூட்டியே கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள்; அவர்களும் வர வேண்டிய இடம்தான் அது.

ஏழாம் படி: வெளியே வருதல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பதானால் இதைப் படியுங்கள் என்பேன். அரங்கத்துக்குள் மக்கள் மூன்று மணி நேரமாகச் சிறிது சிறிதாக வருகிறார்கள். வெளியே போகும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் எழுகிறார்கள். திருவாரூர் ஆழித்தேர் நிலைக்கு வந்ததும் நான்கு வீதிக் கூட்டமும் பேருந்து நிலையத்தை நோக்கித் திரும்புவதை எண்ணிப் பாருங்கள். அங்கே மெட்ரோ வாயிலில் நெருக்கடி வரக் கூடாது என்பதற்காக, கூட்டத்தை நேர்வழியில் விடாமல் தடுப்புகளுக்கு நடுவே சுற்றி நடக்கவைக்கிறார்கள். வரும்போது பத்து நிமிடமாக இருந்த நடை, திரும்பும்போது முக்கால் மணி நேரம் ஆகலாம். இது பாதுகாப்புக்கான ஏற்பாடு என்பதைப் புரிந்துகொண்டு பொறுமையாக நடங்கள். தடுப்பைத் தாண்டக் குறுக்குவழி தேடாதீர்கள். உயரமான நாற்காலிகளில் அமர்ந்து, பெரிய நுரைக் கை ஒன்றை ஆட்டியபடி ஊழியர்கள் வழி காட்டுவார்கள். 2022இல் 'மெட்ரோ, திஸ் வே' என்று அவர்கள் பாடிய பாட்டைக் கூட்டமே திரும்பப் பாடியபடி நடந்தது.

முதியவர்களோ குழந்தைகளோ உடன் இருந்தால் ஆட்டம் முடிந்ததும் எழாதீர்கள். இருக்கையிலேயே அரை மணி நேரம் அமர்ந்திருங்கள். காவலர்கள் எழச் சொன்னால் உள்வழியில் உள்ள கடைகளுக்கு அருகில் நில்லுங்கள். பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்பதை உள்ளே நுழையும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். 'நிலையத்தில் பார்ப்போம்' என்பது போதாது. எந்த வாயில், எந்தத் தூண் என்று கையால் தொட்டுக் காட்டுங்கள். பல்லாயிரம் பேர் ஒரே இடத்தில் கைப்பேசியை இயக்கும்போது அழைப்புகள் சேர்வதில்லை. என் மகளின் மணிக்கட்டில் சித்தப்பாவின் எண்ணையும் விடுதியின் பெயரையும் பேனாவால் எழுதிவைத்திருந்தேன். ஆபத்துக்கு அழைக்க வேண்டிய எண் 999. கடைசி மெட்ரோ போய்விட்டால் நீலப்பச்சை நிறக் கர்வா டாக்சிகள் உண்டு. ஆனால் அரங்க வாயிலில் நின்று தேடாமல் ஒரு கிலோமீட்டர் நடந்து பெருஞ்சாலைக்கு வந்தபின் அழைத்தால்தான் வண்டி கிடைக்கும்.

கடைசி நாள்

இரவு விமானம் என்றால் மாலையில் 974 அரங்கத்தைப் பார்த்துவிடுங்கள். தங்கத் தடத்தின் கிழக்குக் கோடியான ராஸ் பு அபூத் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். 974 என்பது கத்தாரின் தொலைபேசிக் குறியீடு. அந்த அரங்கத்தில் பயன்படுத்தப்பட்ட கப்பல் கன்டெய்னர்களின் எண்ணிக்கையும் அதுவே. ஊரிலிருந்து தம்பிக்கு வரும் ஒவ்வோர் அழைப்பும் இந்த எண்ணில்தான் தொடங்குகிறது என்று சொல்லி, என் மகள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டாள். பிரித்தெடுத்து வேறிடத்தில் பொருத்தக்கூடிய வகையில் கட்டப்பட்டது. குளிரூட்டல் இல்லாத ஒரே அரங்கமும் இதுதான். கடற்காற்றை நம்பி அமைத்தார்கள். சிவப்பு, மஞ்சள், நீல நிறப் பெட்டிகள் அடுக்கி நிற்பதை அருகில் சென்று பார்த்தால், காரைக்கால் துறைமுகத்துச் சாலையில் லாரிகளில் போகும் அதே நெளி நெளியான இரும்புப் பெட்டிகள் என்பது தெரியும்.

பெட்டியை விடுதியிலேயே வைத்துவிட்டு வந்திருந்தால் திரும்ப எடுத்துக்கொண்டு முஷைரிப் செல்லுங்கள். அங்கிருந்து சிவப்புத் தடத்தில் தெற்கு நோக்கி ஏற வேண்டும். ஏறும் முன் வண்டியின் முகப்பைப் பாருங்கள், ஏனெனில் சில வண்டிகள் விமான நிலையத்துக்கும் சில அல் வக்ராவுக்கும் பிரிந்து போகின்றன. தவறி வக்ரா வண்டியில் ஏறிவிட்டால் பதற வேண்டாம்; உக்பா இப்னு நாஃபி நிலையத்தில் இறங்கி, அடுத்து வரும் விமான நிலைய வண்டியில் ஏறிக்கொள்ளலாம். உடன் வரும் தம்பியையும் விமான நிலையம் வரை அழைத்துச் செல்லுங்கள். அவருக்கும் கட்டணம் 2 ரியால்தான், மறுநாள் காலை அவருக்கு வேலை என்பதால் திரும்பிச் செல்லக் கடைசி வண்டிக்கு நேரம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.